கம்ப்யூட்டர்காரர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஆபீசுக்குப் புது சாப்ட்வேர் வரும்போது தேவையை எழுதிக் கொடுக்கும் முறை

மும்பையில் இன்று கம்ப்யூட்டர் இல்லாத ஆபீஸ் அரிது. லாரி புக்கிங் ஆபீஸ், மருந்துக் கடை, கோடவுன், ஹவுசிங் சொசைட்டி, தாராவியில் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை என்று எங்கும் கணக்கு கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. ஒரு நாள் முதலாளி கூப்பிட்டுச் சொல்வார்: "புது சாப்ட்வேர் போடப் போகிறோம். நாளை கம்பெனியிலிருந்து ஆள் வருவார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்."

மறுநாள் ஓர் இளைஞர் லேப்டாப்புடன் வந்து எதிரே உட்காருகிறார். "உங்கள் தேவை என்ன?" என்று கேட்கிறார். இருபது வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த நம்மவருக்கு அந்த நேரத்தில் வாயில் வார்த்தை வருவதில்லை. "எல்லாம் ஈசியாக இருந்தால் போதும் சார்" என்று சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அல்லது மானேஜரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறார்.

ஆறு மாதம் கழித்து சாப்ட்வேர் வந்து சேருகிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் முன்பு ஒரு நிமிஷத்தில் முடிந்த காரியத்துக்கு இப்போது ஐந்து திரைகளைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது. நாலணா வித்தியாசத்தைத் திருத்த வழியில்லை. கவுண்டருக்கு வெளியே நிற்கும் பார்ட்டி, சாப்ட்வேர் கம்பெனியைத் திட்டுவதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவைத்தான் திட்டுகிறார்!

இந்த நிலைமை வராமல் தடுக்க வழி உண்டா? உண்டு. சாப்ட்வேர் உலகத்தில் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு முறை வழக்கத்தில் இருக்கிறது. அதற்கு 'யூசர் ஸ்டோரி' என்று பெயர். தமிழில் 'பயனாளர் கதை' என்று சொல்லலாம். இதைக் கற்க கம்ப்யூட்டர் படிப்பு வேண்டியதில்லை. தன் வேலையைத் தெரிந்தவர் யாரும் எழுதலாம். சொல்லப் போனால், வேலை தெரிந்தவர்தான் எழுத முடியும்.

சம்பளக் கணக்கில் பிறந்த கதை

கதை என்றதும் ராஜா ராணி கதை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு சின்ன அட்டையில் இரண்டு மூன்று வரியில் அடங்கும் சங்கதி இது.

அமெரிக்காவில் கிரைஸ்லர் என்ற மோட்டார் கம்பெனி, தன் சிப்பந்திகளின் சம்பளக் கணக்குக்காக 1990-களில் ஒரு புதிய கம்ப்யூட்டர் ஏற்பாட்டைத் தயாரிக்க முனைந்தது. வேலை சரியாக நகரவில்லை. 1996-ல் கென்ட் பெக் என்ற நிபுணரை அழைத்தார்கள். கட்டுக் கட்டாகத் தேவைப் பட்டியல் எழுதி மேலே அனுப்புவதற்குப் பதிலாக, சம்பளக் கணக்கு தெரிந்தவரையே பக்கத்தில் உட்கார வைத்து, அவருக்கு வேண்டியதைச் சிறு அட்டைகளில் எழுதி வாங்கும் பழக்கத்தை அவர் கொண்டு வந்தார். 1997-ல் சுமார் 10,000 பேருக்கு அந்தக் கணக்கின்படி சம்பளம் பட்டுவாடா ஆயிற்று.

அந்தத் திட்டம் எல்லாச் சிப்பந்திகளையும் எட்டாமலே 2000-ல் நிறுத்தப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டை எழுதினால் மட்டும் எல்லாம் ஜெயமாகிவிடாது. ஆனால் அட்டை எழுதும் பழக்கம் நிலைத்துவிட்டது. 2001-ல் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற கம்பெனியில் வேலை செய்தவர்கள் அதற்கு ஒரு வாய்பாடு வகுத்தார்கள். இன்று உலகமெங்கும் சாப்ட்வேர் கம்பெனிகளில் அந்த வாய்பாடுதான் வழங்குகிறது. நம் ஆபீசுக்கு வரும் இளைஞரும் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

மூன்று சொல் போதும்

அந்த வாய்பாட்டை நம் பேச்சில் சொன்னால் மூன்றே சொல்தான்: இன்னாருக்கு, இன்னது, இன்னதற்காக.

யாருக்கு வேண்டும்? என்ன வேண்டும்? எதற்காக வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அது கதை. ஒன்று குறைந்தாலும் அது வெறும் ஆசை.

ரயில்வேயில் வேலை செய்பவனாதலால் ரயிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். முன்காலத்தில் ரிசர்வேஷன் எல்லாம் பெரிய பெரிய ரிஜிஸ்தர்களில் கையால் எழுதப்பட்டது. இந்த ரயிலுக்கு இந்தக் கவுண்டர் என்று இருக்கும். தப்பான வரிசையில் நின்றவர் மறுபடியும் முதலிலிருந்து நிற்க வேண்டும். ஊரிலிருந்து திரும்பி வருவதற்கு ரிசர்வேஷன் வேண்டுமானால் தந்தி கொடுத்துக் காத்திருக்க வேண்டும். 1985-86-ல் டில்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் தொடங்கியது. பிறகு மற்ற பெரு நகரங்களுக்கும் வந்தது. 1999 ஏப்ரலில் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதன் பிறகே எந்த ஊரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் எடுப்பது சாத்தியமாயிற்று.

அதைச் செய்தவர்கள் இந்த அட்டை முறையில் எழுதவில்லை. ஆனால் அந்தத் தேவையை இன்று நாம் கதையாக எழுதினால் இப்படி இருக்கும்:

"மும்பையில் வேலை செய்யும் தொழிலாளியாகிய எனக்கு, நாகர்கோவிலிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டும் இங்கேயே கிடைக்க வேண்டும்; லீவு முடிகிற நாளில் தவறாமல் வேலையில் சேருவதற்காக."

படித்தவுடன் விஷயம் புரிகிறது அல்லவா? 'ஐந்து மையங்களையும் இணைக்க வேண்டும்' என்பது கம்ப்யூட்டர்காரர் பாஷை. 'லீவு முடிகிற நாளில் வேலையில் சேர வேண்டும்' என்பது நம் பாஷை. நாம் நம் பாஷையில் சொன்னால் போதும். அதைத் தம் பாஷைக்கு மாற்றுவது அவர் வேலை. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

'இன்னார்' யார்?

கம்ப்யூட்டர்காரர்கள் 'யூசர்' என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் யூசர் என்று ஒருவர் எந்த ஊரிலும் இல்லை. ரிசர்வேஷன் என்றால், வரிசையில் நிற்கும் பயணி ஒருவர். உள்ளே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா ஒருவர். ராத்திரி கணக்கு முடிக்கும் சூப்பர்வைசர் ஒருவர். வண்டியில் டிக்கெட் பார்க்கும் பரிசோதகர் ஒருவர். நான்கு பேருக்கும் நான்கு விதமான தேவை.

பயணியிலும் வகை உண்டு. இளைஞருக்கு எந்தப் படுக்கையும் சம்மதம். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு மேல் படுக்கை கிடைத்தால் அந்த டிக்கெட் இருந்தும் இல்லாததுபோல்தான். இன்று ரயில்வே கம்ப்யூட்டரில் மூத்த குடிமக்களுக்கும், 45 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கும், அவர்கள் கேட்காவிட்டாலும், காலி இருந்தால் கீழ் படுக்கை தானாகவே ஒதுக்கப்படுகிறது. 'பயணிக்குப் படுக்கை வேண்டும்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் இந்த வசதி வந்திருக்குமா? 'இன்னார்' என்று பிரித்துப் பார்த்ததால்தான் வந்தது.

ஆகவே அட்டை எழுதும் முன், நம் ஆபீசில் அந்த வேலையைத் தொடுகிறவர்கள் யார் யார் என்று ஒரு ஜாபிதா போட வேண்டும். கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். ஹமாலி, டிரைவர், வாட்ச்மேன், படிக்கத் தெரியாத தொழிலாளி ஆகியோரை யாரும் அழைப்பதில்லை. சாப்ட்வேர் சரியில்லாவிட்டால் முதலில் அடிபடுகிறவர்களோ அவர்கள்தான்.

பை தைக்கும் பட்டறை

இனி ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. இருபது பேர் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அட்வான்ஸ் வாங்குவார்கள். திரும்பி வந்ததும் வாரா வாரம் பிடிப்பார்கள். முதலாளி, "எனக்கு நல்ல சம்பள சாப்ட்வேர் வேண்டும்" என்கிறார்.

இது கதை அல்ல. இதிலிருந்து ஒருவரும் எதையும் செய்ய முடியாது. இதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கதைகள் தெரியும்.

ஒன்று: "மேஸ்திரியாகிய எனக்கு, யாருக்கு எத்தனை பை கொடுத்தேன், எத்தனை தைத்து வந்தது என்று அன்றன்றே எழுத வேண்டும், சனிக்கிழமை தகராறு வராமல் இருப்பதற்காக."

இரண்டு: "தொழிலாளியாகிய எனக்கு, சம்பளம் கைக்கு வருமுன் என் பீஸ் கணக்கும் பிடித்தமும் தெரிய வேண்டும், வித்தியாசம் இருந்தால் முதலாளி வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்பதற்காக."

மூன்று: "கணக்குப்பிள்ளையாகிய எனக்கு, அட்வான்சைத் தவணையாகப் பிடிக்க வேண்டும்; தொழிலாளிக்கு அந்த வாரச் சாப்பாட்டுக்குப் பணம் மிஞ்சுவதற்காக."

அட்டை என்பது பேச்சுக்கு அச்சாரம்

இப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இந்த முறைக்கு மூன்று அங்கங்கள் உண்டு என்று ரான் ஜெப்ரீஸ் என்ற நிபுணர் 2001-ல் வகுத்துச் சொன்னார். முதலாவது அட்டை. இரண்டாவது பேச்சு. மூன்றாவது உறுதி. கல்யாணத்துக்கு நிச்சயதாம்பூலம் எப்படியோ, அப்படித்தான் அட்டை. பிறகு உட்கார்ந்து பேசியே தீர வேண்டும்.

மேலே சொன்ன மூன்றாவது அட்டையை வைத்துக்கொண்டு பேச்சு எப்படி நடக்கும் என்று பாருங்கள்.

"அண்ணாச்சி, அட்வான்சை எப்படிப் பிடிப்பீர்கள்?"

"வாரம் 500 ரூபாய், தம்பி."

"6,000 ரூபாய் வாங்கினவர் ஒரு வாரம் 3,200 சம்பாதித்தால்?"

"500 போக 2,700 கையில் கொடுப்போம். பாக்கி 5,500 என்று எழுதிக்கொள்வோம்."

"அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேலைக்கே வரவில்லை. அப்போது?"

"சம்பளம் இல்லை, பிடித்தமும் இல்லை. பாக்கி 5,500 அப்படியே நிற்கும்."

"அதற்கு அடுத்த வாரம் பாதி நாள்தான் வந்தார். 400 ரூபாய்தான் சம்பாத்தியம். 500 பிடித்தால் அவர்தானே உங்களுக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டி வரும்?"

அண்ணாச்சி யோசிக்கிறார். நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிய காலத்தில் இது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. ஆளின் முகத்தைப் பார்ப்பார், "இந்த வாரம் வேண்டாம், போ" என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டருக்கு முகம் பார்க்கத் தெரியாது. சொன்னால் சொன்னபடி 500 பிடிக்கும்.

இந்த இடத்தில் சட்டமும் ஒன்று சொல்கிறது. பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து அந்தத் தவணைச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. எனவே 400 ரூபாயில் 200-க்கு மேல் பிடிக்க முடியாது. தொழிலாளிக்கு 200 ரூபாய் கையில் கிடைக்கும். பாக்கி 5,300 ஆகும்.

அட்டையில் இல்லாத இந்த விவரம் பேச்சில் வந்தது. பேச்சு நடக்காமல் இருந்தால், அது ஒரு சனிக்கிழமை மாலை அந்தத் தொழிலாளியின் வெறுங்கையில் வந்து தெரிந்திருக்கும்.

உறுதி என்பது என்ன?

பேசி முடித்ததை அட்டையின் பின்பக்கத்தில் கணக்காகவே எழுதி வைக்க வேண்டும். 'நியாயமாகப் பிடிக்க வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை. நியாயம் ஆளுக்கு ஆள் மாறும். இப்படி எழுத வேண்டும்:

சம்பாத்தியம் 3,200, தவணை 500: கையில் 2,700, பாக்கி 5,500.

சம்பாத்தியம் இல்லை: பிடித்தம் இல்லை, பாக்கி 5,500.

சம்பாத்தியம் 400: பிடித்தம் 200, கையில் 200, பாக்கி 5,300.

சாப்ட்வேர் தயாராகி வந்ததும் இந்த மூன்று கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மூன்றும் சரியாக வந்தால் வேலை முடிந்தது. ஒன்று தப்பினாலும் முடியவில்லை. இதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை. முதலாளி பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கும் இதுவே அத்தாட்சி.

'எதற்காக' என்பதை விடக் கூடாது

மூன்று சொல்லில் நம்மவர்கள் அதிகமாக விட்டுவிடுவது கடைசிச் சொல்லைத்தான். கேட்பதற்கே தயக்கம், அதிலும் காரணம் வேறு சொல்ல வேண்டுமா என்று நினைக்கிறார்கள். உண்மையில் காரணம்தான் கதையின் உயிர்.

லாரி புக்கிங் ஆபீசில் ஒரு குமாஸ்தா, "எல்.ஆர். மூன்று காப்பி பிரிண்ட் வர வேண்டும்" என்று கேட்கிறார். ஏன் மூன்று? கார்பன் தாள் வைத்து எழுதிய நாளிலிருந்து மூன்று என்பது வழக்கம். ஒன்று பார்ட்டிக்கு. ஒன்று டிரைவருக்கு. ஒன்று ஆபீஸ் பைலுக்கு. ஒவ்வொன்றுக்கும் எதற்காக என்று கேட்டால், ஆபீஸ் காப்பி இனித் தேவையில்லை என்று தெரிகிறது. கணக்கு கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. பார்ட்டிக்குப் போனில் அனுப்பினால் போதும் என்கிறார்கள். ஆனால் டிரைவர் காப்பி வழியில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டியது. போனில் சார்ஜ் தீர்ந்த இடத்தில் அந்தக் காகிதம்தான் அவருக்குத் துணை. அது இருக்கத்தான் வேண்டும்.

காரணம் கேட்காத கம்ப்யூட்டர்காரர் ஒன்று மூன்று காப்பியும் போடுவார், அல்லது 'எல்லாம் டிஜிட்டல்' என்று மூன்றையும் நிறுத்துவார். இரண்டும் தப்பு.

ஆகவே 'பட்டன் வேண்டும்', 'பிரிண்ட் வேண்டும்', 'எக்செல் போல வேண்டும்' என்று மருந்தின் பெயரைச் சொல்வதை விட, நோவு எங்கே என்று சொல்வதே நல்லது.

நம் பெயர் படும் பாடு

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தமான கதை ஒன்று உண்டு. அதுதான் பெயர்.

தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுத் தம் பெயரை எழுதுவது நமது வழக்கம். மகாராஷ்டிரத்தில் தன் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் 'சர்நேம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே நகராது. என்ன செய்வது? ஒரு குமாஸ்தா இனிஷியலைப் போடுகிறார். இன்னொருவர் தகப்பனார் பெயரைப் போடுகிறார். மூன்றாமவர் அதே பெயரை இரண்டு முறை போட்டு அனுப்பிவிடுகிறார்.

முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'முருகன் எஸ்'. பாங்கியில் 'எஸ் முருகன்'. கம்பெனி ரிக்கார்டில் 'முருகன் சுடலைமுத்து'. மூவரும் ஒருவரே என்று மனிதனுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பி.எப். பணம் கேட்டு விண்ணப்பம் போட்டால், பெயர் ஒத்துப் போகவில்லை என்று திரும்பி வருகிறது. மகள் கல்யாணத்துக்கு நம்பியிருந்த பணம் பெயர்த் திருத்தம் முடியும் வரை காத்திருக்கிறது.

இந்தக் கதையை யார் எழுத முடியும்? குடும்பப் பெயர் உள்ள ஊரில் பிறந்த கம்ப்யூட்டர்காரருக்கு இது கனவிலும் தோன்றாது. அவர் மேல் குற்றம் இல்லை. அவர் பெயர் எந்தக் கட்டத்திலும் சரியாக உட்காருகிறது. நாம்தான் எழுத வேண்டும்:

"குடும்பப் பெயர் இல்லாத தொழிலாளியாகிய எனக்கு, ஆதாரில் உள்ள அதே எழுத்தில், அதே வரிசையில் என் பெயர் பதிவாக வேண்டும், வேலையை விட்டுப் போகும்போது என் பி.எப். பணம் தடையில்லாமல் கிடைப்பதற்காக."

பின்பக்கத்தில் உறுதி: 'சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பதிவாக வேண்டும். பி.எப். பட்டியலில் வரும் பெயர் ஆதாரோடு ஓர் எழுத்தும் மாறக் கூடாது.'

இரண்டே வரி. ஒரு கம்பெனியில் இதை ஒருவர் எழுதிக் கொடுத்தால் அங்கே வேலை செய்யும் தமிழர், மலையாளி, வடகிழக்கு மாநிலத்தவர் எல்லோருக்கும் பயன்படும்.

ஆறு சோதனைகள்

எழுதிய கதை நல்ல கதையா என்று பார்க்க பில் வேக் என்பவர் 2003-ல் ஆறு சோதனைகளைச் சொன்னார். ஆறின் முதல் எழுத்துக்களையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'இன்வெஸ்ட்' என்று வரும். நம் ஆபீஸ் கணக்கில் அவை இவை:

1. தனித்து நிற்க வேண்டும். அட்வான்ஸ் கதையை முடிக்க, பெயர்க் கதை முடியும் வரை காத்திருக்கக் கூடாது.

2. பேரம் பேச இடம் வேண்டும். அட்டை பத்திரம் அல்ல. பேச்சில் மாறலாம்.

3. யாருக்காவது பயன் வேண்டும். பட்டன் நீலமாக இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

4. எத்தனை நாள் வேலை என்று மதிப்பிட முடிய வேண்டும். செய்பவர் கேட்டவுடன் தலையைச் சொறிந்தால் கதை இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம்.

5. சிறியதாக இருக்க வேண்டும். சில நாட்களில் முடிந்து நம் கண்ணுக்கு வந்துவிட வேண்டும்.

6. சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். மேலே பார்த்த மூன்று கணக்கைப் போல.

ஐந்தாவது சோதனையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 'ஸ்டாக், பில், வசூல், பாக்கி எல்லாம் ஒன்றாக வர வேண்டும்' என்று ஒரே அட்டையில் எழுதுவார்கள். அது அரிசி மூட்டையை அப்படியே உலையில் வைப்பது போல. முதலில் பில் மட்டும் வரட்டும். பார்த்து, தப்பைச் சொல்லி, பிறகு வசூலுக்குப் போகலாம். ஆறு மாதம் கழித்து மொத்தமாக ஏமாறுவதை விட, பத்து நாளில் கொஞ்சமாக ஏமாறுவது மேல்.

அசாதாரண நாட்கள்

கம்ப்யூட்டர்காரரிடம் மானேஜர் சொல்வது ஒழுங்கான நாளின் கதை. குமாஸ்தாவுக்குத்தான் ஒழுங்கில்லாத நாட்கள் தெரியும்.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. லோக்கல் ரயில்கள் நின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் ஆபீசிலும் ஸ்டேஷனிலும் ராத்தங்கினார்கள். அப்படி ஒரு நாளில், விரல் வைத்து ஆஜர் போடும் இயந்திரம் என்ன செய்யும்? வழியில் மாட்டிக்கொண்டவரை 'ஆப்சென்ட்' என்று எழுதும். ஆபீசிலேயே தங்கியவரை 'வெளியே போகவில்லை' என்று பிழை காட்டும். இதைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்று முன்பே ஒரு கதை எழுதியிருந்தால் ஒரு நாள் சம்பளம் போகாது.

மாதக் கடைசி, தீபாவளி போனஸ், கரண்ட் போன நேரம், நெட் போன நேரம், பந்த், ஒரே பெயரில் இரண்டு பேர், தப்பாகப் போட்ட பில்லைத் திருப்புவது. இவற்றுக்கு ஒவ்வோர் அட்டை வேண்டும். நம் ரிஜிஸ்தர்களின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளைப் புரட்டினாலே பாதி அட்டை கிடைத்துவிடும்.

எல்லாமே கதையில் அடங்காது என்பதும் உண்மை. 'இருபது பேர் ஒரே நேரத்தில் பில் போட்டாலும் தாமதம் கூடாது', 'சம்பள விவரத்தை மற்றவர் பார்க்கக் கூடாது', 'சட்டப்படி இத்தனை வருஷம் கணக்கு அழியக் கூடாது' என்பவை எல்லாக் கதைகளுக்கும் பொதுவான விதிகள். இவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதி மேலே வைத்துவிட வேண்டும்.

என்ன செய்யலாம்?

போஸ்ட் கார்டில் வீட்டு விசேஷம், பணம் வந்த விவரம், மாட்டு விலை எல்லாவற்றையும் நுணுக்கி எழுதிய பரம்பரை நம்முடையது. இந்த அட்டை எழுதுவது நமக்கு ஒரு பெரிய காரியமே அல்ல.

புது சாப்ட்வேர் வருகிறது என்று காதில் விழுந்ததுமே ஒரு வாரம் சட்டைப் பையில் பத்து அட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் எங்கே கை நின்றதோ, எங்கே மறுபடியும் எழுத நேர்ந்ததோ, எங்கே யாராவது சண்டைக்கு வந்தாரோ, அங்கே ஓர் அட்டை எழுதுங்கள். தமிழில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், உடைந்த ஆங்கிலத்திலும் எழுதலாம். இலக்கணம் யாரும் பார்க்கப் போவதில்லை. இன்னாருக்கு, இன்னது, இன்னதற்காக என்ற மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதத் தெரியாத சகோதரருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

கம்ப்யூட்டர்காரர் வந்ததும் அந்த அட்டைகளை மேஜை மேல் பரப்புங்கள். எது முதலில் வேண்டும் என்ற வரிசையில் அடுக்குங்கள். அவர் சந்தோஷப்படுவார். அவருக்கும் இப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். வேலை நடக்கும்போது வாரம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் எழுதிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 'முடிந்தது' என்ற தாளில் முதலாளி கையெழுத்துப் போடுமுன் உங்களை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அந்தத் திரையின் முன்னால் நாளையிலிருந்து தினமும் எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவர் நீங்கள்தான்.